வீடு பார்க்குமுன் வீதி பார்த்தல்

வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர் வீடு தேடும்போது முதலில் வாடகையைக் கேட்கின்றனர். அடுத்துத் தண்ணீரைக் கேட்கின்றனர். பிறகு பஸ் உண்டா, ரயில் உண்டா என்று கேட்கின்றனர். வீட்டு வாயிலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள வழி எத்தகையது என்று கேட்பவர் மிகச் சிலரே. கல்லூரி நடைபெறும் நாட்கள் ஆண்டுக்கு இருநூற்றைம்பது என்று கொண்டால், அந்த வழியை நாம் ஐந்நூறு முறை நடந்து கடக்கிறோம். அவற்றுள் பாதி நாள் முடிவில் களைத்துத் திரும்பும் நடையாகும்.

இதை ஒரு சிறு செய்தியாக நான் கருதவில்லை. வகுப்பு முடிந்தபின் நூலகத்தில் அமர்ந்து படிக்கும் நேரமே ஒருவருடைய கல்வியை ஆழமுடையதாக்குகிறது. ஊர் திரும்பும் வழி இருண்டு கிடந்தால், மாணவி நான்கு மணிக்கே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடுகிறாள். அவளுடன் பயிலும் மாணவன் ஏழு மணி வரை இருந்து படிக்கிறான். இருவருக்கும் ஆசிரியர் ஒருவர், நூல்கள் ஒன்று, கட்டணமும் ஒன்று. ஆயினும், எங்கோ ஒரு தெருவில் விளக்கு எரியாத காரணத்தால் ஒருத்திக்கு நாள்தோறும் மூன்று மணி நேரப் படிப்பு குறைந்துவிடுகிறது. எனவே, வீதியைப் பற்றிய ஆராய்ச்சி கல்வியைப் பற்றிய ஆராய்ச்சியே என்று நான் கூறுவேன்.

சென்ற ஆண்டு நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடு தேடினோம். திருவனந்தபுரம் நகருக்குள் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. விளவங்கோட்டு வட்டத்தில் உள்ள எங்கள் வீடுகளுக்கு வார இறுதியில் சென்றுவரவும் அப்பகுதி ஏற்றதாக இருந்தது. கண்டதும் முன்பணம் கொடுத்துவிடாமல் ஒரு முறையை வகுத்துக்கொண்டு மூன்று தெருக்களை ஆராய்ந்தோம். அம்முறையை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இடத்தின் இயல்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் விடுத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆகவே நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், அதை அடுத்த விளவங்கோடு தமிழகத்திலும் அமைந்தன. கோடு கிழிக்கப்பட்டதே தவிர, மக்கள் பிரிந்துவிடவில்லை. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே நடந்து செல்பவர் எந்த அடியில் மாநிலம் மாறினோம் என்பதை அறிவிப்புப் பலகையைப் பார்த்தே உணர்வர். பனச்சமூட்டுச் சந்தையில் ஒரு கடை ஒரு மாநிலத்திலும் எதிர்க்கடை மறு மாநிலத்திலும் இருப்பதைக் காணலாம்.

இப்பகுதி இன்று ஊரும் அன்று, நகரமும் அன்று. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் ரயில் 1979இல் ஓடத் தொடங்கிய பிறகு, நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை நிலையங்களில் ஏறி நாள்தோறும் நகரத்துக்கு வேலைக்குச் சென்றுவருவோர் பெருகினர். பழைய தேசிய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாக எல்லையை அடைகிறது. மேற்கே கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புதிய புறவழிச்சாலை அமைந்துள்ளது. வாழையும் மரச்சீனியும் விளைந்த நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்படுகின்றன. வேலியிருந்த இடத்தில் மதில் எழுகிறது. சைக்கிள் சென்ற இடவழியில் கார் நுழைகிறது.

இவ்வாறு மாறிவரும் ஊரின் தன்மையை நன்கு சிந்தித்தல் வேண்டும். பழைய கிராமத்தில் ஒருவரையொருவர் அறிந்திருந்ததே காவலாக இருந்தது. இன்னாருடைய மகள் என்று அனைவரும் அறிவர். அந்நியர் ஒருவர் நுழைந்தால் பத்துப் பேர் விசாரிப்பர். முழு நகரத்தில் தெருவிளக்கு, நடைபாதை, ரோந்து, இரவு வரை திறந்திருக்கும் கடைகள் ஆகியவை காவலாகின்றன. மாறிவரும் ஊரிலோ முதற்காவல் தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது காவல் முழுமையாக வந்து சேர்வதில்லை. ஆகையால், ‘இது அமைதியான கிராமந்தான்’ என்ற சொல்லையோ, ‘இங்கே எல்லா வசதியும் வந்துவிட்டது’ என்ற சொல்லையோ நம்பி முடிவு செய்தல் தகாது. எந்தக் காவல் எவ்வளவு உள்ளது என்பதைத் தெருவுக்குத் தெரு நாமே பார்த்தல் வேண்டும்.

2. அறிஞர் காட்டிய வழி

ஊரை நடந்தே அறிய வேண்டும் என்பது புதிய கருத்தன்று. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய அதே எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. அவர் மனந்தளராமல் புதிதாகப் பொருள்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு தமிழகத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெருக்களை இடிக்கத் துணிந்த பொறியாளரை அவர் கண்டித்தார். மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஊரைத் தெருத்தெருவாக நடந்து பார்த்த பின்னரே மருந்து கூற வேண்டும் என்பது அவர் கொள்கை.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில், தெருவைக் காப்பவை அத்தெருவை நோக்கியிருக்கும் கண்களே என்று விளக்கினார். கடைக்காரர், திண்ணையில் இருப்போர், சன்னலருகே நிற்போர் ஆகியோர் காவலர் அல்லர். ஆயினும் அவர்கள் பார்வை உள்ள தெருவில் தீங்கு செய்யத் துணிபவர் குறைவு. டொனால்டு ஆப்பிள்யார்டு என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒத்த இயல்புடைய மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்கு இரண்டாயிரம் வண்டிகள் ஓடிய தெருவில் வாழ்ந்தவருக்கு அதே தெருவில் சராசரி மூன்று நண்பர்கள் இருந்தனர். பதினாறாயிரம் வண்டிகள் ஓடிய தெருவிலோ ஒரு நண்பர்கூட முழுமையாக இல்லை, சராசரி 0.9 தான். போக்குவரத்து பெருகினால் விபத்து மட்டும் பெருகுவதில்லை, அயலார் உறவும் அற்றுப்போகிறது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் 2013இல் கல்பனா விசுவநாத், ஆஷிஷ் பாசு ஆகிய இருவர் தொடங்கிய சேஃப்டிபின் என்னும் கைபேசிச் செயலி, ஒரு தெருவை ஒன்பது கூறுகளால் மதிப்பிடுகிறது. வெளிச்சம், திறந்த வெளி, பார்வை, மக்கள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, நடமாடுவோரில் பெண்கள் எத்தனை பேர், அங்கே நிற்கும்போது எழும் உணர்வு ஆகியவை அவை. செயலி இல்லாதவரும் இவ்வொன்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். நாங்கள் அவ்வாறே செய்தோம்.

3. நான்கு நடைகள்

ஒரு தெருவை நான்கு வேளைகளில் நடந்து பார்த்தல் வேண்டும் என்பது நாங்கள் வகுத்த விதி. கையில் வேண்டியவை நோட்டுப் புத்தகம், கடிகாரம், குடை ஆகியவையே.

முதலாவது காலை நடை. வீட்டு வாயிலிலிருந்து பஸ் நிற்குமிடத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ, புத்தகப் பையைச் சுமந்துகொண்டே நடத்தல் வேண்டும். இயல்பான நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ எண்பது மீட்டர் செல்லலாம். ‘ஸ்டேஷன் இதோ பக்கத்தில்தான்’ என்று தரகர் கூறுவது பன்னிரண்டு நிமிடமானால், அது ஒரு கிலோமீட்டர் என்று அறிக. இப்பகுதி மேடும் பள்ளமுமானது. ஏற்றத்தில் நேரம் கூடும்.

இந்நடையில் மிகவும் கவனிக்க வேண்டியது சாலையைக் கடக்கும் இடம். ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஏறத்தாழ ஆறு விநாடி ஆகும். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஆறு விநாடியில் நூறு மீட்டர் வந்துவிடும். ஆகவே, நாம் கடக்கும் இடத்திலிருந்து இருபுறமும் நூறு மீட்டர் வழி கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். சாலை நான்கு தடமாகி அகலம் இருமடங்கானால், தேவையான தொலைவும் இருநூறு மீட்டராகிவிடும். வளைவின் அருகே பஸ் நிறுத்தம் அமைந்த ஊரில் இதனால் ஏற்படும் இடரை எண்ணிப் பாருங்கள்.

வேகத்தின் கணக்கு நம் பௌதிக வகுப்பில் படித்ததே. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் ஓடும். ஐம்பது கிலோமீட்டர் வேகமானால் ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் ஓடும். வேகம் ஐம்பதிலிருந்து அறுபத்தைந்தாக உயர்ந்தால், காரின் முன்புறம் மோதி நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடைபாதையில் தடையின்றி நடக்க விடவேண்டிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர். இருவர் எதிரெதிரே குடையோடு செல்ல இவ்வளவு இடம் வேண்டும். நாம் பார்க்கும் தெருவில் அது உண்டா, உண்டெனில் ஓடைமூடி உடைந்துள்ளதா, கடைச்சரக்கும் ஸ்கூட்டரும் அதை அடைத்துக்கொண்டுள்ளனவா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இரவு நடை. இதைத் தனியே செய்யலாகாது. இருவர் அல்லது மூவர் சேர்ந்து, நாம் வழக்கமாகத் திரும்பக்கூடிய கடைசி ரயிலின் நேரத்தில் செய்தல் வேண்டும். மின்கம்பங்களை எண்ணி, எத்தனையில் விளக்கு எரிகிறது என்று எழுதுக. விளக்குகளின் எண்ணிக்கையை விட அவை விட்டுவிட்டு எரிகின்றனவா என்பது முக்கியம். பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து திடீரென இருளில் நுழைந்தால் கண் சிறிது நேரம் ஒன்றும் காணாது. பத்தடி தொலைவில் எதிரே வருபவர் முகம் தெரிகிறதா என்பதே நாங்கள் கைக்கொண்ட எளிய சோதனை.

பிறகு, வெளிச்சம் உள்ள வீடுகளை எண்ண வேண்டும். கேரளத்தில் இது மிகவும் தேவையான கணக்கு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாநிலத்து வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஆளின்றி இருந்தன. அயல்நாட்டில் உழைப்போர் கட்டிய அழகிய வீடுகள் பல ஆண்டு முழுதும் பூட்டியே கிடக்கின்றன. பகலில் பார்த்தால் செல்வர் வாழும் தெருவாகத் தோன்றும். இரவில் பார்த்தால் ஆளில்லாத தெருவாக இருக்கும். உயர்ந்த மதில்களையும் இங்கே சேர்த்து எண்ணுதல் வேண்டும். செம்பருத்தி வேலிக்கு அப்பால் இருப்பவர் தெருவைக் காண்பர். எட்டடி மதிலுக்கு அப்பால் இருப்பவர் தம் வீட்டுத் தொலைக்காட்சியைத்தான் காண்பர். இருபுறமும் மதில் எழுந்த இடவழியில் ஒருவர் வழிமறித்தால் விலகிச் செல்லவும் இடமில்லை, கூப்பிட்டால் கேட்பாரும் இல்லை.

மூன்றாவது மழை நடை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் நிலம் இது. சித்திரை மாதத்தில் பார்த்த வழி ஐப்பசி மாதத்தில் வேறாகிவிடும். 2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையில் பாறசாலைப் பக்கம் இருப்புப்பாதையில் மண் சரிந்து ரயில் போக்குவரத்து தடைப்பட்டது. தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை ஊர்ப்பெயரே சில இடங்களில் கூறிவிடும். ‘விளை’ என்பது தென்னையும் பிறவும் பயிரிடும் கரைநிலம். ‘ஏலா’ என்பது நெல் விளையும் தாழ்நிலம். ‘குளங்கரை’ என்றால் குளம் அருகில் இருந்தது என்று பொருள். பெயரில் ஏலாவோ குளமோ இருந்து, கண்ணுக்கு வயலோ குளமோ தென்படவில்லையானால், அதை மண்ணிட்டு நிரப்பி மனையாக்கியிருக்கலாம். அத்தகைய இடத்தில் தண்ணீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வரும். மழை இல்லாத நாளில் பார்க்க நேர்ந்தால், மதிலின் அடியில் படிந்த சேற்றுக் கோட்டின் உயரத்தைப் பார்த்துக்கொள்க.

நான்காவது விடியல் நடை. ஐந்தரை மணிக்கு எழுந்து நடந்தால் பால்காரர், பத்திரிகை போடும் சிறுவர், ரப்பர் வெட்டச் செல்பவர், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் செல்லும் முதியோர் ஆகியோரைக் காணலாம். பெண்கள் தனியே நடக்கின்றனரா என்று பாருங்கள். நடக்கின்றனர் என்றால், அந்த வழிக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று வேறில்லை. தெருநாய்களின் கூட்டமும் இவ்வேளையில்தான் தெரியும். இறைச்சிக் கழிவையும் உணவுக் கழிவையும் கொட்டும் இடத்தில் அவை கூடும். எனவே குப்பை கிடக்கும் மூலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாய் கடித்தால் உடனே புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை யாவரும் நினைவிற் கொள்க. நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. நாம் பார்க்கும் வீட்டிலிருந்து அங்கே செல்ல இரவில் வண்டி கிடைக்குமா என்பதையும் கேட்டு வைத்தல் நலம்.

4. யாரைக் கேட்பது

வீட்டுத் தரகர் தெருவைப் பழித்துக் கூறமாட்டார். வீட்டுக்காரரும் அவ்வாறே. கேட்கத் தக்கவர் வேறு பலர் உள்ளனர். இரவில் கடைசியாகக் கடை அடைக்கும் தேநீர்க் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்து ஓட்டுநர், வீடுதோறும் பிளாஸ்டிக் கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், அங்கன்வாடி ஆசிரியை ஆகியோர் தெருவின் உண்மை நிலையை அறிவர். அவர்களிடம், ‘இந்த இடம் நல்ல இடமா?’ என்று கேட்டால் ‘நல்ல இடந்தான்’ என்றே விடை வரும். ‘உங்கள் மகள் ராத்திரி வரும்போது எந்த வழியாக வருவாள்?’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வரும்.

நாங்கள் அவ்வாறு கேட்டபோது, முறுக்கு விற்கும் பாட்டி ஒருவர், “மக்களே, மணி எட்டு கழிஞ்சா அந்த இடவழியிலே போவாண்டாம். சுத்திப் போனாலும் பள்ளிக்கூடத்து ரோட்டிலே வா. அங்கே ரெண்டு கடை உண்டு, வெளிச்சமும் உண்டு” என்றார். நான்கு நடைகளில் நாங்கள் எழுதிய பத்துப் பக்கங்களின் சாரம் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்தது. ஓட்டுநர் ஒருவரை நாங்கள் மலையாளத்தில் ‘சேட்டா’ என்று அழைத்தோம். அவர் தமிழிலேயே விடையளித்தார். எல்லையூரில் மொழி ஒரு தடையாக இருக்கும் என்று அஞ்சியிருந்த என் தோழிக்கு அன்றே அவ்வச்சம் நீங்கிற்று.

5. மூன்று தெருக்களின் ஒப்பீடு

நாங்கள் பார்த்த தெருக்களைப் பெயர் கூறாமல் ஒப்பிடுகிறேன்.

முதல் தெரு நெடுஞ்சாலையை ஒட்டியது. பஸ் நிறுத்தம் இரண்டே நிமிட நடை. இரவு பத்து மணி வரை வெளிச்சமும் கடைகளும் உண்டு. திருட்டு, தொந்தரவு ஆகியவற்றைப் பற்றிய அச்சம் மிகக் குறைவு. ஆனால் நாள்தோறும் இருமுறை நெடுஞ்சாலையைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும் இடத்திலோ வளைவு. கோடும் இல்லை, விளக்கும் இல்லை. சாலை ஓரத்தில் நடக்க மண்கூட இல்லை. தார் முடியும் இடத்தில் ஓடை தொடங்கியது.

இரண்டாம் தெரு ரயில் நிலையத்திலிருந்து பிரியும் இடவழி. தொலைவு குறைவு, வாடகையும் குறைவு. பகலில் மரநிழலும் குயிலோசையுமாக மனத்தைக் கவர்ந்தது. இரவு நடையில் எண்ணியபோது பதினொரு கம்பங்களில் நான்கில் மட்டுமே விளக்கு எரிந்தது. நடுவே தொடர்ச்சியாக ஐந்து வீடுகள் பூட்டியிருந்தன.

மூன்றாம் தெரு ஊருக்குள் இருந்தது. நிலையத்திலிருந்து பதினாறு நிமிட நடை. மற்ற இரண்டையும் விடத் தொலைவு மிகுதி. ஆனால் வழியில் பள்ளியும், நூலகமும், இரு கடைகளும், தையற்கடை ஒன்றும் இருந்தன. வழிநெடுக ஆள் வாழும் வீடுகள். வேகமாக வண்டி ஓட்ட முடியாதபடி வழி குறுகியும் வளைந்தும் இருந்தது. இரவு எட்டரை மணிக்கு இரண்டு பெண்கள் வாயிற்படியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். எங்களைக் கண்டதும், “எந்த வீட்டுக்கு வந்தீங்க மக்களே?” என்று விசாரித்தனர். முதலில் அக்கேள்வி எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு சிந்தித்தபோது, பழைய காவல் அங்கே இன்னும் உயிரோடிருப்பதற்கு அதுவே அடையாளம் என்று உணர்ந்தோம்.

மூன்றாம் தெருவையே தேர்ந்தெடுத்தோம். தொலைவு குறைந்த வழியே நடக்க எளிய வழி என்று பொதுவாக எண்ணுகிறோம். அது பொருந்தாது. நடக்கத் துணியும் வழியே நடக்க எளிய வழி. பதினாறு நிமிடம் அச்சமின்றி நடப்பவள் ஏழு மணி வரை நூலகத்தில் இருக்கிறாள். ஆறு நிமிடம் அஞ்சி நடக்க வேண்டியவள் நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுகிறாள்.

6. வதந்தியும் அளவையும்

எல்லைப் பகுதி என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. 2020 ஜனவரி 8ஆம் நாள் இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்த அந்நிகழ்ச்சியை எங்கள் பெற்றோர் இன்றும் கூறுகின்றனர். அத்துயரத்தை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், அரிதாக நிகழும் கொடுமையையும் நாள்தோறும் காத்திருக்கும் இடரையும் வேறுபடுத்திப் பார்ப்பது கற்றவர் கடமை. மாணவருடைய அன்றாட நடையில் எதிர்ப்படும் இடர் வேகமாக வரும் வண்டி, உடைந்த ஓடைமூடி, இருண்ட வளைவு ஆகியவையே. முன்னதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பின்னதை எண்ணிப் பார்க்கச் சோம்புகிறோம்.

மற்றொரு வதந்தியும் உண்டு. அஸ்ஸாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர் தங்கும் தெரு என்றாலே பாதுகாப்பற்றது என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ வேற்றூர் செல்பவர் அனைவரும் ஒரு தெருவில் அந்நியரே. நாமும் அவ்வாறே வந்தவர்கள். பிறந்த ஊரைக் கொண்டு ஒருவரை எடை போடாமல், தெருவில் நடப்பதைக் கண்டு தெருவை எடை போடுதல் வேண்டும்.

7. எல்லையூருக்கே உரிய கவனம்

எல்லையில் வாழ்பவர் இரு அரசுகளின் ஒழுங்கையும் அறிந்திருத்தல் வேண்டும். தெருவின் ஒரு முனை ஒரு காவல் நிலையத்துக்கும் மறுமுனை மறு மாநிலக் காவல் நிலையத்துக்கும் உட்பட்டிருக்கலாம். எது எதற்குரியது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்க. அவசர எண் இரு மாநிலங்களிலும் 112. எல்லையோரத்தில் நம் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றியிருக்கும் என்று கூற முடியாது. ஆகையால் அழைத்தவுடன் மாநிலம், மாவட்டம், ஊர் மூன்றையும் முதலில் சொல்லிவிடுதல் நல்லது. பெண்களுக்கான உதவி எண் 181; கேரளத்தில் பிங்க் ரோந்துக்கு 1515.

2020இல் நோய்த்தொற்று ஊரடங்கின்போது எல்லைச் சாலைகள் அடைபட்டன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த உறவினரைக் காண இயலாமல் பலர் தவித்தனர். ஆகவே வீடு ஒரு மாநிலத்திலும் அன்றாடத் தேவைகள் அனைத்தும் மறு மாநிலத்திலும் அமையாதபடி பார்த்துக்கொள்வது அறிவுடைமை. ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. அதனாலேயே பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கில் உள்ளது. அதில் ஒரு மாத அறிவிப்புடன் வீட்டைக் காலி செய்யலாம் என்ற விதியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் மாறிக்கொண்டிருக்கிறது, இன்று நல்ல வழியாக உள்ளது, சாலைப் பணி தொடங்கியபின் நடக்க முடியாததாகிவிடலாம்.

8. குடிபுகுந்தபின் கடமை

இறுதியாக ஒன்றைக் கூற விரும்புகிறேன். தெருவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. நாம் குடியேறும் நாளிலிருந்து அத்தெருவின் கண்களில் நம் கண்களும் சேர்கின்றன. சன்னலை எந்நேரமும் அடைத்துக்கொண்டு, அயலார் பெயர்கூட அறியாமல், ஓராண்டு தங்கிவிட்டுச் செல்லும் மாணவர், தாம் தேடி வந்த அந்தப் பழைய காவலைத் தாமே சிறிது அழித்துவிட்டுச் செல்கின்றனர்.

தெருவிளக்கு பஞ்சாயத்தின் அல்லது நகராட்சியின் பொறுப்பு. கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைக் குறித்து, வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்தல் வேண்டும். கேரளத்தில் கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் கூறுகிறது. வாடகைக்கு இருக்கும் மாணவருக்கு அங்கே வாக்கு இல்லாமலிருக்கலாம்; வீட்டுக்காரருக்கு உண்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு உண்டு. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருந்த கம்ப எண்களை அந்த அக்காவிடம் கொடுத்தோம். அவர் சபையில் எழுந்து படித்தார். இரண்டாம் தெருவில் அணைந்து கிடந்த விளக்குகளில் மூன்று இப்போது எரிகின்றன. நாங்கள் அத்தெருவில் குடியிருக்கவில்லை. ஆயினும் ரயிலிலிருந்து இறங்கி அவ்வழியே செல்லும் பள்ளிச் சிறுமியர் பலர் உள்ளனர்.

இவ்வாண்டு புதிதாகச் சேரும் நம் தம்பி தங்கையருள் பலர் அடுத்த திங்களில் வீடு தேடப் புறப்படுவர். எங்கள் நோட்டுப் புத்தகத்தைச் சங்க அறையில் வைத்துள்ளேன். வேண்டுவோர் எடுத்துப் பார்க்கலாம். தாம் நடந்த தெருக்களையும் அதில் எழுதிச் சேர்த்தால், பின்வருவோர்க்குப் பெரிதும் பயன்படும்.